சாயக் கழியும் சவுக்குக் கட்டையும்

தினா, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி. வாணி பக்கத்தில் இருந்தால் அவளுக்கும் கேட்கிற மாதிரி படி. போனில் நீ கேட்டது ஒரு வரிக் கேள்வி. "அம்மா, புது அடுப்புல எங்க கம்பெனில சரக்கு அடுக்கி வர்ற பேலட் கட்டையப் போடலாமா? உடைஞ்சதெல்லாம் ஓசியா குடுக்கிறாங்க, நல்லா காஞ்சிருக்குது." நான், "அப்புறம் சொல்றேன்பா" என்று வைத்துவிட்டேன். எட்டு நாளாகிவிட்டது. என் வாய் எட்டு நாள் சும்மா இருக்கிற வாயா? முசரவாக்கம் பஸ் ஸ்டாப்பில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வேண்டாம் என்று அன்றைக்கே ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஏன் என்று நீ கேட்பாய். அந்த ஏனுக்குப் பதில் சொல்லத்தான் எனக்கு இத்தனை நாள் பிடித்தது. போனில் ஆரம்பித்தால் பாதியிலேயே "விடும்மா, பழைய கதை" என்று முடித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தவள் எழுத்து, கோணலாகத்தான் இருக்கும்.

முதலில் அடுப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், கேட்டது அதைத்தானே. உன் மாமியார் நல்ல அடுப்பாகத்தான் வாங்கிக் கொடுத்திருக்கிறார். கட்டை, கரி, கொட்டாங்குச்சி என்று எதைப் போட்டாலும் எரியும், அடியில் சின்ன ஃபேன், சாம்பல் விழ ஒரு டிராயர். மாகறலில் உங்கள் வீட்டுப் பின்பக்கம் அதைப் பார்த்தபோது எனக்கே ஆசையாக இருந்தது. எதை வேண்டுமானாலும் எரிக்கும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதாகச் சொன்னாய். எரிக்கும், அதற்கென்ன, இரும்புதானே. பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு விடுகிறவள் வாணி. உன் அடுப்புக்குச் சவுக்குதான் சரி. வெட்டி ஆறு மாதமாவது காய்ந்த கட்டையாகப் பார். கடைக்காரர் காய்ந்தது என்றுதான் சொல்வார், ஈரக் கட்டை என்று சொல்லி விற்கிறவரை நான் இன்னும் பார்க்கவில்லை. இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டு. கணீர் என்று கேட்டால் வாங்கு, பொத்தென்று கேட்டால் வைத்துவிட்டு வா. எரியும்போது கட்டையின் வெட்டு முனையில் நுரை கட்டினால் உன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று அர்த்தம். கட்டை விரலை விடக் கொஞ்சம் பெரிதாகப் பிளந்து போடு, தடித்த கட்டையைத் திணித்தால் அந்த ஃபேன் என்ன ஊதினாலும் புகைதான் வரும்.

கொட்டாங்குச்சி நல்ல பொருள், ஆனால் நாலைந்துக்கு மேல் ஒரே நேரத்தில் போடாதே. எண்ணெய் அதில் இருக்கிறது, குப்பென்று மேலே வந்து புருவத்தைப் பொசுக்கும். எனக்குப் பொசுங்கியிருக்கிறது. சீமைக்கருவேலம் கிடைத்தால் விடாதே, முள்ளைப் பார்த்துப் பயந்து ஊரே திட்டுகிற மரம், காய்ந்துவிட்டால் அதைப் போல நின்று எரிகிற விறகு கிடையாது. வரட்டி வேண்டாம், கண் எரியும். வேர்க்கடலைத் தோலை அழுத்திச் செய்கிற உருளைக் கட்டி ஏனாத்தூர் பக்கம் கிடைக்கிறது, மழைக் காலத்தில் சாக்குக்கு மேல் சாக்கு போட்டு வை, ஈரம் பட்டால் மாவாகிவிடும். கரி போடுகிற அன்றைக்குச் சாம்பலைச் சுத்தமாகத் தட்டிவிடு, அதற்கு அடியிலிருந்து காற்று வேண்டும். கட்டை போடுகிற அன்றைக்கு ஒரு விரல் சாம்பல் இருக்கட்டும், சூடு நிற்கும். கரியை வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு மூட்டாதே. குளிராக இருக்கிறது, மழையாக இருக்கிறது என்று எந்தக் காரணமும் சொல்லாதே, கரிப்புகை கண்ணுக்குத் தெரியாமலே ஆளை முடித்துவிடும். பற்றவைக்கப் பால் கவரைப் போடுகிற பழக்கம் வாணிக்கு இருந்தால் நீ சொல், நான் சொன்னால் மாமியார் பேச்சு ஆகிவிடும்.

இனி நான் சொல்ல வந்தது. போன வாரம் வாணி என்னைக் கூப்பிட்டாள். "அத்தை, இவரு தெனம் அதையே சொல்லிக்கினு இருக்கிறாரு. எங்க வம்சத்துல இளைப்பு இருக்குது, பெரியப்பாவுக்கு, எனக்கு, இப்ப குழந்தைக்கும் வந்துடும்னு. குழந்தை வரப்போற சந்தோஷமே இல்ல அத்தை. நாலு மாசமா முகத்தத் தூக்கி வெச்சிக்கினு இருக்கிறாரு" என்றாள். நீ கேட்ட கட்டைக் கேள்வியும் அவள் சொன்ன இந்தப் பேச்சும் ஒரே வாரத்தில் வந்தன. இரண்டுக்கும் பதில் ஒன்றுதான், அது என்னிடம் இருக்கிறது. இருபது வருடமாக நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறேன். உனக்கு அந்த இளைப்பைக் கொண்டுவந்தது உன் அப்பா வம்சம் இல்லை தினா. என் அடுப்பு.

நான் டவுனில் சாயப் பட்டறையில் வேலை பார்த்தது உனக்குத் தெரியும். கொதிக்கிற சாயத் தொட்டிக்குக் குறுக்கே கழிகளைப் போட்டு, அதில் பட்டு நூலைக் கற்றை கற்றையாக மாட்டித் திருப்பித் திருப்பி முக்குவார்கள். வருடக்கணக்கில் சாயத்திலும் மருந்திலும் ஊறிய கழி ஒருநாள் பிளந்துவிடும். பிளந்த கழியில் பட்டு சிக்கினால் இழை போய்விடும் என்று உடனே தூக்கிப் போட்டுவிடுவார்கள். எங்கள் மாஸ்டர் தெலுங்குக்காரர், நல்ல மனுஷன். ஒருநாள், "தீஸ்கோம்மா, அடுப்புக்கு எடுத்துக்கினு போ, இங்க வெச்சா கால்லதான் குத்துது" என்றார். அந்தத் தெருவில் மூன்று பட்டறை. மூன்றிலும் சொல்லி வைத்து, கழியும் உடைந்த தொட்டிப் பலகையும் சாய மருந்து வருகிற மரப்பெட்டியும் கட்டுக் கட்டாகப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருவேன். கருட சேவை அன்றைக்குப் பஸ்ஸைத் திருப்பி விட்டுவிட்டார்கள் என்று ஒருமுறை தலையில் வைத்துக்கொண்டே ஊர்வரைக்கும் நடந்திருக்கிறேன்.

எதற்கு அவ்வளவு பாடு என்று கேட்பாய். காய்ந்த கட்டை, காசு கிடையாது, அது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. என் அம்மா அடுத்தவர் வரப்பில் முள் பொறுக்கி எரித்தவள். நிலத்துக்காரர் வீட்டு ஆள் ஒருவன் பொறுக்கிய முள்ளைக் காலால் எட்டி உதைத்து, "யாரக் கேட்டு எடுத்த" என்று கேட்டதை நான் பத்து வயதில் பக்கத்தில் நின்று பார்த்தேன். என் பிள்ளை வீட்டில் முள் எரியக் கூடாது என்று எனக்கு ஒரு வீறாப்பு. நம் வீட்டுச் சுவரோரம் அந்தக் கழிகளை அடுக்கி வைத்தால் அரக்கு, மயில்நீலம், மாம்பழ மஞ்சள் என்று பட்டுக்கடை அலமாரி மாதிரி இருக்கும். தெருவில் போகிற பெண்கள் நின்று பார்ப்பார்கள். "உனக்கென்னடி, பட்டு எரிக்கிற" என்பார்கள். நான் ராணி மாதிரி நின்றிருப்பேன். எவ்வளவு மடத்தனம் என்று இப்போது தெரிகிறது.

உனக்கு அந்த நெருப்பு ஞாபகம் இருக்கிறதா? சில கழி பச்சையாக எரியும், சிலது நீலமாக எரிந்து நுனியில் ஊதா காட்டும். உனக்கு நாலு வயதிருக்கும். பலகையை இழுத்துப் போட்டுக்கொண்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவாய். சாப்பிட அடம் பிடிக்கிற பிள்ளை நீ. அதனால் நான், "இன்னிக்கு எந்தக் கலர் வேணும்பா?" என்று கேட்பேன். "பச்சை" என்பாய். குவியலில் தேடி எடுத்துப் போடுவேன். பச்சை வந்ததும் வாயைப் பிளப்பாய், நான் ஒரு வாய் சோற்றைத் திணிப்பேன். இன்னும் கிட்ட வா, நன்றாகத் தெரியும் என்று உன்னை முன்னால் இழுத்து உட்காரவைத்ததும் நான்தான். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஐந்து வயதில் உனக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. பூனை கத்துகிற மாதிரி நெஞ்சில் ஒரு சத்தம். பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். முகத்தில் மாஸ்க் வைத்தார்கள், நீ என் விரலை விடவே இல்லை. டாக்டர் வயதானவர், நிதானமாகக் கேட்டார். "வீட்ல என்னம்மா எரிக்கிறீங்க?" நான் யோசிக்கவே இல்லை. "சவுக்குதான் சார்" என்றேன். "வேற ஏதாச்சும்?" என்றார். "இல்ல சார், கடைல வாங்கற சவுக்கு" என்றேன். உண்மையைச் சொன்னால் என் வீறாப்பு போய்விடும் என்று பயம். பட்டறையில் தெரிந்து கழி கொடுப்பதை நிறுத்திவிடுவார்களோ என்றும் பயம். அவர் சீட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். அவர் கேட்டதற்கு அர்த்தம் எனக்குப் புரியாமல் இல்லை தினா. புரிந்ததால்தான் பொய் சொன்னேன். வீட்டுக்கு வந்து அன்றைக்குச் சாயங்காலமும் அதே கழியில்தான் உனக்குக் கஞ்சி வைத்தேன். புகையால்தான் என்று எனக்கு நானே ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை.

அதற்கப்புறம் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு காரணம் வேண்டியிருந்தது. உன் பெரியப்பாவுக்கு இளைப்பு உண்டு, அது எனக்கு வசதியாகப் போயிற்று. "அவங்க அப்பா வழி" என்று சொல்ல ஆரம்பித்தேன். நல்லது கெட்டதுக்கு வந்தவர்களிடம் சொன்னேன், உன் டீச்சரிடம் சொன்னேன், உன்னிடமும் சொன்னேன். உன் அப்பா அதைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். கொத்தனார் வேலைக்குப் போகிறவர், நாளுக்கு இரண்டு கட்டு பீடி இழுப்பார். ஒருநாள் கையிலிருந்த கட்டைச் சாக்கடையில் போட்டுவிட்டு, "என் ரத்தம்தான் கெட்டுதுன்னா, பீடியாவது வாணாம் போ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அன்றோடு விட்டார். ஊரே மெச்சியது. அவர் பீடியை விட்டது நல்லதுதான், ஆனால் செய்யாத தப்புக்குத் தண்டனையாக விட்டார். நான் பக்கத்தில் நின்று வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன்.

நீ எட்டாவது படிக்கும்போது பட்டறைகளில் மரக் கழியை எடுத்துவிட்டு எவர்சில்வர் குழாய் போட்டார்கள். அதோடு எனக்குக் கழி கிடைப்பது நின்றது. வேறு வழியில்லாமல் நிஜமாகவே கடையில் சவுக்கு வாங்கினேன். அந்தக் கார்த்திகைப் பனியில் உனக்கு ஒருமுறைகூட மூச்சு இழுக்கவில்லை. அடுத்த மழையிலும் இல்லை. அப்போது நீ குடித்துக்கொண்டிருந்த நாட்டு மருந்துதான் கேட்டது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் ஆமாம் என்றேன். எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். போலீஸ் செலக்‌ஷனில் ஓட்டத்தில் விழுந்துவிட்டு வந்து, ஷூவைக் கழற்றிக்கொண்டே, "மூச்சு பத்தலம்மா, நம்ம வம்சம் அப்படி" என்று சிரித்தாயே, அன்றைக்காவது திறந்திருக்கலாம். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

நீ அதோடு உட்கார்ந்துவிடவில்லை. கம்பெனியில் மூட்டை இறக்குகிற ஆளாகப் போய்ச் சேர்ந்தாய், இன்றைக்கு அந்த ஸ்டோர்ஸ் முழுக்க உன் பொறுப்பில் இருக்கிறது. உன்னுடைய ஆள் ஒருவர் பஸ்ஸில் என்னைப் பார்த்து, "தினா சார் அம்மாவா நீங்க, ஒக்காருங்கம்மா" என்று எழுந்து இடம் கொடுத்தார். இறங்கும் வரை நான் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன், கண்ணைத் துடைப்பது அவருக்குத் தெரியக் கூடாதென்று. ஆனால் எனக்கு உன்னைப் பற்றி அதைவிடப் பெருமையான நாள் ஒன்று உண்டு. வாணியைப் பெண் பார்க்கப் போன நாள். பஜ்ஜி, சொஜ்ஜி எல்லாம் வந்து, எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தபோது நீ தட்டைக் கீழே வைத்தாய். "ஒரு விஷயம் சொல்லிடறேங்க. எனக்குச் சின்ன வயசுல இளைப்பு இருந்துது. இப்ப இல்ல, ஆனா பாக்கெட்ல மருந்து வெச்சிருக்கேன். எங்க அப்பா வழில இருக்குது. தெரிஞ்சிக்கினு முடிவு பண்ணுங்க" என்றாய். நான் உன் காலை மிதித்தேன், ஞாபகம் இருக்கிறதா? நீ காலை இழுத்துக்கொண்டு பேச்சை முடித்தாய். உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். வாணிதான் உள்ளேயிருந்து, "எனக்குப் பல்லின்னா பயம், கத்திடுவேன். அதையும் சொல்லிடுங்கமா" என்றாள், வீடே சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. என் வயிற்றில் பிறந்த பிள்ளை ஒரு கூடம் நிறைய ஆட்கள் முன்னால், கல்யாணமே நின்றுபோனாலும் பரவாயில்லை என்று உள்ளதைச் சொல்கிறான். அவன் சொன்னதில் பொய் ஒன்றே ஒன்றுதான், அதுவும் நான் ஊட்டியது. இவன் எங்கிருந்து இதைக் கற்றான் என்று வழியெல்லாம் யோசித்தேன். என்னிடமிருந்து இல்லை, அது நிச்சயம். இப்போதும் பார், ஓசிக் கட்டை கிடைத்ததும் நேராக அடுப்பில் போடாமல், போடலாமா என்று கேட்டாய். அந்த ஒரு கேள்வியை நான் யாரிடமாவது கேட்டிருந்தால் இந்தக் கடிதமே கிடையாது. உன்னை நினைத்தால் எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கிறது.

இந்த எட்டு நாளில் இரண்டு காரியம் செய்தேன். நம்மூர் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். உன் வயதுதான் இருக்கும் அந்த டாக்டரம்மாவுக்கு. சாயக் கழி, மருந்துப் பெட்டி, பச்சை நெருப்பு எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "வம்சத்துலயும் வரலாம்மா, இல்லன்னு சொல்ல முடியாது. ஆனா அந்தப் புகையைச் சின்னக் குழந்தை தெனம் இழுத்தா நெஞ்சு என்னத்துக்கு ஆகும்? கழிய நிறுத்தினதும் குறைஞ்சிதுன்னு நீங்களே சொல்றீங்களே. மருமகள புகைல உக்கார வெக்காதீங்க, அதான் இப்ப முக்கியம். செக்கப்புக்கு வரும்போது எல்லாத்தையும் சொல்லச் சொல்லுங்க" என்றார். குழந்தைக்கு வராது என்று நான் சத்தியம் செய்யவில்லை, அதைச் சொல்ல நான் யார். உன் ரத்தத்தில் ஏதோ சாபம் ஓடுகிற மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்காதே என்றுதான் சொல்கிறேன். உன் கையில் இருக்கிற காரியம் நிறைய இருக்கிறது.

இரண்டாவது, உன் அப்பாவிடம் சொன்னேன். சோறு போட்டுவிட்டுச் சொன்னேன். கையைக் கழுவிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து வந்தார், கையில் ஒரு கட்டு பீடி. எதிரில் உட்கார்ந்து ஒன்றை உருவி வாயில் வைத்தார், தீப்பெட்டியை எடுத்தார், கொளுத்தவில்லை. "பிடிக்கத் தோணல" என்று கீழே வைத்தார். "எங்க அண்ணன் வந்தா அவருகிட்டயும் சொல்லு. அவரையும் சேத்துல்ல இழுத்துவுட்ட" என்றார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "அவனுக்கு எழுதிட்டியா?" என்று கேட்டார். அவர் கேட்டதால்தான் பேனாவை எடுத்தேன். நீயும் எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு, எனக்கு அது சேர வேண்டியதுதான். ஆனால் வாணியிடம் முகம் கொடுத்துப் பேசு.

பேலட் கட்டைக்கு வருகிறேன். அது காய்ந்துதான் இருக்கும், என் கழியும் காய்ந்துதான் இருந்தது. கப்பலில் ஏறி வருகிற கட்டைக்கு என்ன மருந்து அடித்தார்கள், எதைக் கொட்டினார்கள், எந்தப் பசையில் ஒட்டினார்கள் என்று உனக்குத் தெரியுமா? ஸ்டோர்ஸ் உன் பொறுப்புதான், ஆனாலும் தெரியாது. தெரியாததை எரிக்காதே. ஓசியில் கொடுக்கிறவர் நல்ல மனுஷனாகவே இருக்கலாம், எங்கள் மாஸ்டரும் நல்ல மனுஷன்தான். இரண்டு மூட்டை கொட்டாங்குச்சி காயவைத்து வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை அப்பா கொண்டுவருவார். நான் வரட்டுமா, வேண்டாமா என்று நீ சொல்.

அடுத்த செக்கப்புக்கு வாணியோடு நீயும் உள்ளே போ. டாக்டர் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் கேட்பார், வீட்டில் என்னம்மா எரிக்கிறீர்கள் என்று. அவர் கேட்டதும் யோசிக்காமல் வாணி பதில் சொல்ல முடிய வேண்டும். அடுப்பில் ஒவ்வொரு கட்டையையும் வைக்கிறதற்கு முன்னால் அதை நினைத்துக்கொள். டாக்டரிடம் பெயர் சொல்ல முடிகிற கட்டையை மட்டும் வை. சவுக்கு என்று அவள் சொன்னால், அது சவுக்காகவே இருக்கட்டும்.

உன் அம்மா